முதல் பாடம் முடியாத வகுப்பு

ஜப்பான்காரன் காலத்தில் நான் வாத்தியாராக இருந்தேன் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அதுவும் பினாங்குத் தீவுக்கு அக்கரையில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு முதலில் காது சூடாகும், பிறகு கால் மரத்துப்போகும். அப்படிப்பட்ட நான் பினாங்கில் பதினொரு பேருக்குப் பாடம் சொன்னேன். பதினொரு பேரும் என்னைவிட மூத்தவர்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் என்னைவிடப் பல மடங்கு படித்தவர்கள்.

யுத்தத்துக்கு முன் ஜோர்ஜ்டவுனில் ஒரு பொது நூலகத்தில் நான் பியூனாக இருந்தேன். கதவைத் திறப்பது, புத்தகங்களுக்குத் தூசி தட்டுவது, பத்திரிகைகளை மரக்கழியில் மாட்டி வைப்பது, விசிறியைப் போடுவது ஆகியவை என் வேலை. வேலையில் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நூலகத்தில் பேசக்கூடாது என்று சுவரிலேயே எழுதியிருந்தார்கள். உலகத்தில் எனக்காகவே எழுதப்பட்ட சட்டம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு டிசம்பர் மாதத்தில் வெள்ளைக்கார நூலகர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். கதவில் "சற்று நேரத்தில் வருவேன்" என்ற அட்டை தொங்கியது. அதை நான் மூன்று மாதம் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. எழுத்து வேலை பார்த்த இரண்டு கிராணிமார் குண்டுக்குப் பயந்து அக்கரைக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. புதிய அரசாங்கத்தின் கல்வி இலாகா ஒருநாள் வந்து பார்த்தபோது, இறகுத் துடைப்பத்தோடு நான் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். நூலகத்தின் மொத்தச் சிப்பந்திகளும் நானே என்று எழுதி, ஒரு தாளில் சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தாள்தான் என் உயிர். அதை நான் கூட்டிச் சொல்லவில்லை. தாள் இல்லாத ஆண்பிள்ளைகளைத் தெருவில் பிடித்துத் தொழில் இலாகாவுக்குக் கொண்டுபோனார்கள். தொழில் இலாகாவிலிருந்து சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பினார்கள். அங்கே என்ன நடந்தது என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், போனவர்கள் யாரும் கடிதம் போடவில்லை என்பது மட்டும்தான். என் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் அவள் அண்ணன் வீட்டில் மரவள்ளி நட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படகில் போய் அவர்களைப் பார்ப்பேன். என் மனைவி முதலில் சட்டைப் பையைத் தொட்டு, தாள் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பாள்.

நூலகத்தின் பின்பக்க அறையில் ஒரு நீண்ட மேசை இருந்தது. அங்கே பென்ஷன்காரர்கள் வந்து பத்திரிகை படிப்பார்கள். பத்துப் பேர். பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார், அரசாங்கத்தில் முப்பது வருடம் பேனா பிடித்து ஓய்ந்தவர்கள். அரசாங்கம் மாறியதும் பென்ஷன் நின்றுபோனது. ஆனால் வருவது நிற்கவில்லை. நூலகக் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய பைக் கடிகாரங்கள் பழைய நேரத்திலேயே ஓடின. பழைய நேரம் ஒன்பதுக்கு ஒரு நிமிடம் முன்னால் பத்துப் பேரும் வாசலில் நிற்பார்கள். இரண்டு பேரரசுகள் சண்டை போட்டும் அந்த ஒரு நிமிடத்தை அசைக்க முடியவில்லை.

அவர்கள் உட்காருவது உத்தியோக வரிசைப்படி. மேசையின் தலைமாட்டில், விசிறிக்கு நேர் கீழே, பெரிய கிராணி. தோட்டத் தொழிலாளர் விவகாரங்களைப் பார்த்த இலாகாவில் அவர் தலைமை எழுத்தர். கோட்டு போடாமல் அவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இடப்பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது வைத்திய உதவியாளராக, இருந்தவர். மற்றவர்கள் கிரேடு இறங்க இறங்க வாசல் பக்கம் வருவார்கள். யாராவது காய்ச்சலில் வராவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். இறந்தால்தான் ஒருவர் மேலே நகர்வார். கடைசி நாற்காலியில் இருந்தவர் நில அளவை இலாகாவில் படம் வரைந்தவர். அவர் பதினான்கு வருடமாகக் கடைசியிலேயே இருந்தார். மேலே இருந்தவர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியம்.

பெரிய கிராணி பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டரிடம், "வாசியும் ஐசே, உமது உச்சரிப்பை ஒருக்காப் பாப்பம்" என்பார். ஸ்டேஷன் மாஸ்டர் உரக்க வாசிப்பார். ஒருவருடைய உச்சரிப்பைத் திருத்துவதில் இன்னொருவர் இவ்வளவு அக்கறை காட்டுவாரா என்று நான் வியந்ததுண்டு.

அப்படி இருக்கும்போதுதான் உத்தரவு வந்தது. கொண்டுவந்தவர் கல்வி இலாகாவின் மொழிபெயர்ப்பாளர். நம்மவர்தான். யுத்தத்துக்கு முன் ஆயுள் காப்பீடு விற்றவர், ஆகையால் கெட்ட செய்தியைப் பணிவாகச் சொல்லத் தெரிந்தவர்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எளசுங்க எல்லாம் ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் நிப்பொங்கோ பாஷை படிச்சிருச்சு. மிச்சம் இருக்கிறது வயசானவங்கதான். அம்பத்தஞ்சுக்கு மேல உள்ளவங்க லைப்ரரியில உக்காரணும்னா நிப்பொங்கோ படிக்கணும். ரெண்டு மாசத்துல பரீட்சை."

"தேறாவிட்டால்?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"ரூமை எடுத்துச் சாக்கு மூட்டை அடுக்கிருவாங்க. லைப்ரரி மூடியாச்சுன்னா உங்க தாள் செல்லாது லா. நீங்க தொழில் இலாகாவுக்கு." காப்பீடு விற்கும்போது போடும் இடைவெளியை இங்கேயும் விட்டார். "பாடம் சொல்றதும் நீங்கதான்."

சிப்பந்தி வேறு யாரும் இல்லாததால் என்னை முன்பே மூன்று வார ஜப்பானிய மொழி வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே கூடப் படித்த ஆங்கிலப் பள்ளி வாத்தியார்கள் எல்லாம் திணறினார்கள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, கி, கு, கெ, கொ. மணலில் எழுதிப் பழகியவனுக்கு அது புதிதா என்ன? எழுத்தின் உருவம்தான் வேறு. நான் இரண்டாவதாகத் தேறினேன். முதலாவதாகத் தேறியவர் சந்தையில் மீன் விற்பவர்.

பென்ஷன்காரர்களிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கடைசியில் உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் படித்தார்கள். உடனே ஒரு கமிட்டி அமைத்தார்கள். தலைவர் பெரிய கிராணி. செயலாளர் ஸ்டேஷன் மாஸ்டர். முதல் தீர்மானம், இந்தப் பிள்ளையைச் சயாமுக்குப் போக விடுவதில்லை என்பது. இந்தப் பிள்ளை என்றது என்னைத்தான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டாவது தீர்மானம், படிப்பதிலும் உத்தியோக ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்பது. முதல் தீர்மானம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டாவதுதான் என்னைக் கிட்டத்தட்ட சயாமுக்கு அனுப்பியது.

பதினோராவதாக ஒரு அம்மாள் வந்து சேர்ந்தார். முனிசிபாலிட்டியில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வுபெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கம். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு எந்த நாற்காலி என்று கமிட்டி அரை நாள் விவாதித்தது. மருத்துவச்சிக்கு என்ன கிரேடு என்று யாருக்கும் தெரியவில்லை.

"இங்க இருக்கிறவங்க பிள்ளைகள்ல பாதியை வெளிய இழுத்துப் போட்டவ நான்," என்றார் அவர், ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து. "உங்க மூத்தவன் காலை நீட்டிக்கிட்டு வந்தான். அப்ப என்கிட்ட யாரும் கிரேடு கேக்கல." வாசலோரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பு ஆரம்பமானது. நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொன்னேன். முதுகில் காற்றுப் படுவதுபோல் பதினொரு பேரின் பார்வை படும். ஒருவர் தவறாக எழுதினால் அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. முப்பது வருடம் பேனா பிடித்த கையைப் பார்த்து, "ஐயா, இது பிழை" என்று சொல்லிவிட்டு அதே அறையில் எப்படி மூச்சு விடுவது? ஆகவே நூலக முறையிலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். தவணை கடந்த புத்தகங்களுக்கு அனுப்பும் நினைவூட்டுச் சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் திருத்தத்தை எழுதி, அவரவர் நோட்டில் செருகி வைப்பேன். மறுநாள் திருத்தி எழுதி, சீட்டையும் மரியாதையாக மேசைமேல் திருப்பி வைத்திருப்பார்கள். டிரஸ்ஸர் ஒருவர் மட்டும் இரண்டு நாள் தாமதமாகத் தந்து, "மன்னிக்க வேணும், பிந்திப் போச்சு" என்று தலையைச் சொறிந்தார்.

ஆனால் வகுப்பு நகரவில்லை. இரண்டாவது தீர்மானத்தின்படி, பெரிய கிராணி முதல் பாடத்தை முடிக்காமல் வேறு யாரும் இரண்டாம் பாடத்துக்குப் போகக்கூடாது. பெரிய கிராணி முடிக்கவில்லை. அவர் நோட்டில் ஒரு கோடுகூட இல்லை. நான் ஏழு சீட்டு வைத்தேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. "இண்டைக்கும் முதற்பாடத்தையே ஒருக்காத் திருப்பிப் பாப்பம். அத்திவாரம் முக்கியம்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். மூன்று வாரம் ஐந்து எழுத்தில் நின்றோம். நான் ராத்திரி படுத்தால் ரயில் சத்தம் கேட்டது. எங்கள் தீவில் ரயிலே கிடையாது.

பிறகு ஒருநாள் புவியியல் அலமாரிக்குப் பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர் என் சட்டையைப் பிடித்தார்.

"தம்பி, இரண்டாம் பாடத்தை மெதுவாச் சொல்லும். பெரியவருக்குத் தெரிய வேண்டாம்."

சொன்னேன். மறுநாள் சமய அலமாரியில் டிரஸ்ஸர். அதற்கடுத்த நாள் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே மூன்று பேர் தனித்தனியாக வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் நின்றார்கள். அலமாரிக்குப் பின்னால் ஒருவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் பேசுவது எனக்கு ஒத்துவந்தது. இரண்டு வாரத்துக்குள், மேசையில் எல்லோரும் முதல் பாடத்தில் இருந்தார்கள். அலமாரிகளுக்கு இடையில் எல்லோரும் பன்னிரண்டாம் பாடத்தில் இருந்தார்கள். எல்லோரையும் மிஞ்சியவர் மருத்துவச்சி. அவர் மறைந்து படிக்கவில்லை. முக்காலியில் இருந்தபடியே, "அடுத்தது என்னப்பா?" என்று கேட்பார். அவருக்குக் கிரேடு இல்லாததால் தீர்மானம் அவரைக் கட்டவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் எட்டாவது சீட்டைப் பெரிய கிராணியின் நோட்டில் செருகிக்கொண்டிருந்தேன். மருத்துவச்சி பார்த்துவிட்டார்.

"என்னப்பா அது?"

"ஐயாவுக்குச் சீட்டு, அக்கா. அவர் ஒண்ணையும் பார்க்கவே மாட்டேங்கிறார்."

"எப்படிப் பார்ப்பாரு? கண்ணுல பூ விழுந்து மூணு வருசமாச்சு. ரெண்டு கண்ணும். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தினமும் அவருக்குப் பத்திரிகை எடுத்துக் கொடுத்தவன் நான்.

"இங்க எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் லா," என்றார்.

நான் அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். அதிகாரி வந்தால் முதலில் தலைமாட்டில் இருப்பவரைத்தான் கேட்பார். அவரால் முடியாது. அவரால் முடியாததை வரிசையில் பின்னால் இருப்பவர்கள் தெரிந்ததாகக் காட்ட மாட்டார்கள். அது அவரை அவமதிப்பதாகும். பன்னிரண்டு பாடம் படித்த ஒன்பது பேர் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவரிடம் போய், "ஐயா, உங்களுக்குக் கண் தெரியாது என்று எனக்குத் தெரியும்" என்று சொல்ல என்னால் ஆகாது. சயாமுக்கே போய்விடலாம்.

மறுநாளிலிருந்து காலையில் அவர் நாற்காலியைச் சுற்றி அதிக நேரம் தூசி தட்டினேன். தட்டும்போது பாட்டு முணுமுணுப்பவன்போல் எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகச் சொன்னேன். அந்த அறையில் அவ்வளவு தூசி இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் பத்திரிகைக்குப் பின்னால் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். ஒரு வரியை நான் விட்டுவிட்டபோது, "ம்?" என்று செருமினார்.

பரீட்சை நாள் வந்தது. அதிகாரி இளைஞர். தம் நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தவராம். மரியாதையானவர், அதனாலேயே எனக்கு அதிகப் பயம். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டச் சொல்லி, பிரம்பால் நடுவில் ஒரு எழுத்தைத் தட்டி, பெரிய கிராணியைப் பார்த்துத் தலையசைத்தார். மொழிபெயர்ப்பாளர், "நீங்கள் சொல்லுங்கள் ஐயா" என்றார்.

பெரிய கிராணி எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். முறைப்படி குனிந்து வணங்கினார். கொஞ்சம் திசை தவறி வணங்கியதில் மரியாதை புத்தக அலமாரிக்குப் போனது. பிறகு, "அ, இ, உ, எ, ஒ" என்று முதலிலிருந்து தொடங்கினார்.

அதிகாரி மறுபடியும் அந்த நடு எழுத்தைத் தட்டினார். பெரிய கிராணி அதை உற்சாகப்படுத்தும் தட்டலாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். தாளம் தப்பாமல் கடைசி எழுத்துவரை போய்ச் சேர்ந்து, மீண்டும் அலமாரிக்கு வணக்கம் வைத்து, உட்கார்ந்தார்.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் இருமிவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார், அவர் சொன்னது இதுதான் என்று: எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூத்த எழுத்துகளை முதலில் சொல்லாமல் நடு எழுத்தை மட்டும் சொல்வது அந்த மூத்த எழுத்துகளுக்கு அவமரியாதை.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. அடுத்து ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்த எழுத்து நன்றாகத் தெரியும். ஆனால் பெரிய கிராணியே எழுத்தை எடுத்த எடுப்பில் சொல்லாதபோது தான் மட்டும் எப்படிச் சொல்வது? அவரும் முதலிலிருந்து தொடங்கினார். டிரஸ்ஸரும் அப்படியே. படம் வரைபவர்வரை பத்துப் பேரும் அப்படியே. ஒவ்வொருவர் முடித்ததும் அதிகாரி எழுந்து பதில் வணக்கம் செய்தார். ஆறாவது ஆளிலிருந்து அவர் பிரம்பைத் தூக்கவே இல்லை. கடைசியாக மருத்துவச்சி, தட்டுவதற்கு முன்பே அட்டையிலிருந்த எல்லா எழுத்துகளையும் கீழிருந்து மேலாக வாசித்துக் காட்டி, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

எல்லோரும் தேறினார்கள். அன்று மாலை டிரஸ்ஸர் எனக்கு அரை மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து மொழிபெயர்ப்பாளர் ஒரு தாளோடு வந்தார்.

"அண்ணே, நல்ல சேதி மாதிரிதான் எழுதியிருக்கு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கிழவங்களையே இவ்வளவு ஒழுங்காப் பழக்கின வாத்தியாரு பதினோரு பேருக்குப் பாடம் சொல்லிக்கிட்டு இங்க வீணாப் போகலாமான்னு அந்த அதிகாரி துவான் கேக்குறாரு. ரயில்பாதையில வேலை செய்யுற நம்ம ஆளுங்களுக்கு நிப்பொங்கோ சொல்லிக் கொடுக்க ஆள் வேணுமாம். பதவி உயர்வு."

"எங்கே?"

"சயாம். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி, அக்கரையில பிறை ஸ்டேஷன்ல ஏறணும்."

அவர் போன பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில், பழைய தாளோடு சேர்த்து வைத்தேன். தோல்வி அடைந்தால் சயாம் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. வெற்றி அடைந்தாலும் அதே ஊர் என்று யாரும் எச்சரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு கெப்பாலா பத்தாஸுக்கும் போகவில்லை. என் மனைவி பையைத் தொட்டால் இரண்டு தாள் இருப்பது தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை மருத்துவச்சி என்னைக் கூர்ந்து பார்த்தார். "என்னப்பா, வலி எடுத்தவ மாதிரி நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டே திரியிறே," என்று சொல்லி, நான் கையை எடுப்பதற்குள் பையிலிருந்து தாளை உருவினார். அது மலாயில் எழுதியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீட்டினார். அவர் உரக்க வாசித்தார்.

பிறகு பெரிய கிராணி பத்திரிகையை மேசைமேல் வைத்தார்.

"அந்த இரண்டாவது வரியைத் திரும்ப வாசியும் ஐசே."

"'வகுப்பு முடிந்துவிட்டபடியால் ஆசிரியர் விடுவிக்கப்படுகிறார்' எண்டு இருக்கு, சேர்."

"வகுப்பு முடிஞ்சதெண்டு ஆர் சொன்னது?"

"பரீட்சையில தேறினம்தானே, சேர்."

"பரீட்சை வேற, பாடம் வேற. முதற்பாடத்தில என்ன போட்டிருக்கு?"

"ஐந்து எழுத்தையும் வாசிக்கவும் எழுதவும் தெரிய வேணும்."

"எழுதவும். நான் எழுதினனோ?"

விசிறி அன்றைக்கு மின்சாரம் இல்லாமல் நின்றிருந்தது. எல்லோரும் ஏனோ அதையே அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்னால எழுத ஏலாது," என்றார் பெரிய கிராணி. "வாசிக்கவும் ஏலாது. எனக்குக் கண் தெரியாது. மூண்டு வருசம். இதைக் கூட்டக் குறிப்பில எழுதும்."

ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவைத் தொடவில்லை. அவர் மேலதிகாரியின் சொல்லை மீறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அது வேண்டாம், சேர். வேற வழி யோசிப்பம்."

"எழுதும் ஐசே. நீர் வாசிக்கிறதை நான் உச்சரிப்புக்காகக் கேக்கிறன் எண்டு இங்க ஆராவது நம்பினவையோ?"

யாரும் நம்பவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. மருத்துவச்சிதான் முக்காலியிலிருந்து பேசினார். "தலை தெரிஞ்சு மூணு வருசமாச்சு. இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கு." படம் வரைபவர் சிரித்துவிட்டு, பயந்துபோய் நிறுத்திக்கொண்டார். பெரிய கிராணியும் சிரித்தார். அவருக்குப் பற்கள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நடந்ததெல்லாம் கிராணி வேலை. அதில் அவர்களை மிஞ்ச எந்த ராணுவத்தாலும் முடியாது. டிரஸ்ஸர் எழுந்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் பெரிய கிராணியின் இமைகளை விரித்துப் பார்த்து, இரண்டு கண்ணும் மறைத்திருப்பதாகச் சான்று எழுதினார். வருடக்கணக்காக ஒரு சான்றும் எழுதாத கை. மூன்று பிரதி எழுதியது. கடிதத்தைப் பெரிய கிராணி சொல்லச் சொல்ல ஸ்டேஷன் மாஸ்டர் மலாயில் எழுதினார். மேன்மை தங்கிய இலாகா எங்கள் வகுப்பைப் பாராட்டியதற்கு நன்றி. ஆயினும் வகுப்பின் தலைவர் முதல் பாடத்தை இன்னும் முடிக்கவில்லை. தலைவர் முடிக்காமல் மற்றவர்கள் முடித்ததாகக் கொள்வது எங்கள் ஒழுங்குக்கும், இலாகா மெச்சிய மூப்பு மரியாதைக்கும் முரணானது. ஆகவே பாடம் முடிந்த பிறகே ஆசிரியரை விடுவிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

"முடியிறதுக்கு எவ்வளவு நாளாகும் எண்டு கேட்டால்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"மாணவனின் முயற்சியைப் பொறுத்தது எண்டு போடும்."

கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவை மையில் தோய்த்து அவர் விரல்களுக்கு இடையில் வைத்தார். பெரிய கிராணி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"கண் தெரியாதவன் எண்டு எழுதின கடிதத்தில வடிவாக் கையெழுத்து வைச்சால் ஆர் நம்புவான்? தம்பி, புத்தகத்துக்கு முத்திரை குத்துற அந்த மைப்பெட்டியைக் கொண்டு வாரும்."

கொண்டுவந்தேன். தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் காலத்தில் ஆயிரக்கணக்கான பேரிடம் கைநாட்டு வாங்கியவர் அவர். என் அப்பாவின் பெருவிரலும் அந்த இலாகாவின் ஏதோ ஒரு புத்தகத்தில் இருந்திருக்கும். அவர் விரலைப் பிடித்து மையில் வைத்து, தாளில் அழுத்தப் போனேன்.

"அமத்தாதேயும். இடப்பக்கத்தால உருட்ட வேணும். அமத்தினால் அப்பிப் போகும், திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்றார்.

உருட்டினேன். நல்ல கைநாட்டு. கோடு கோடாகத் தெளிவாக விழுந்தது. அவர் பார்க்க முடியாததால், எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகும்வரை துடைத்தார்.

பதில் வரப் பதினாறு நாளாயிற்று. ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்பு மொழிபெயர்ப்பாளர் வந்தார். கடிதத்தைப் படித்த அதிகாரிக்குக் கோபம் வந்ததாம். ஆனால் வகுப்பு மிகச் சிறப்பானது என்று அவரே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். சிறப்பான வகுப்பின் தலைமை மாணவருக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது என்று இப்போது எழுதினால் மேலிடம் அவரையே சயாமுக்கு அனுப்பலாம். ஆகவே, இவ்வளவு சிறப்பான வகுப்பை அரைகுறையாக நிறுத்துவது சரியல்ல, முதல் பாடம் முடியும்வரை தொடர்க என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்.

"அப்போ ஒண்ணாந்தேதி ரயிலுக்கு?" என்றேன்.

"வேற வாத்தியார் போறாரு அண்ணே. புக்கிட் மெர்தாஜாம்ல வகுப்பு நடத்தினவரு." தாளை என் கையில் வைத்தார். "அவரு கிளாஸ்ல எல்லாரும் பாடம் முடிச்சிட்டாங்க."

அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் கழித்தும் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதற்கு என் கூச்சத்தைக் காரணம் சொல்லலாம்; ஆனால் அது மட்டும் காரணமல்ல என்று எனக்குத் தெரியும்.

தாளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் அதை வாங்கி வாசித்தார். பெரிய கிராணி முழுவதையும் கேட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"எந்தத் திகதி வரைக்கும் எண்டு போட்டிருக்கு?"

ஸ்டேஷன் மாஸ்டர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "திகதி ஒண்டும் போடேல்லை, சேர்."

"அப்ப நாங்கள் எழுதினது பிழையில்லாத கடிதம்தான்," என்று சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடங்கும்படி எனக்குக் கையைக் காட்டினார்.